பழைய டேட்டாபேஸில் ஃபாரின் கீ சேர்ப்பது: எங்கெங்கே இடிக்கும்

ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பில்லிங் டேட்டாபேஸுக்கு ஃபாரின் கீ (ஒரு டேபிளில் எழுதும் எண் அது சுட்டும் டேபிளில் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடு) போட்டு முடித்தாயிற்று. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மென்பொருளை 5.7இலிருந்து 8.0க்கு மாற்றும் சாக்கில் எடுத்த வேலை. கட்டளை என்னவோ ஒரு வரிதான். அந்த ஒரு வரி ஓடுவதற்குள் படுத்திய பாட்டைத்தான் எழுதுகிறேன்.

முன்பு செய்துகொடுத்தவர்களின் ஸ்கிரிப்டில் ஃபாரின் கீ எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. டேட்டாபேஸிலோ ஒன்றுகூட இல்லை. டேபிள்கள் மைஐசாம் என்ஜினில் (டேட்டாவைச் சேமிக்கும் உள்பகுதி) உருவானவை. மைஐசாம் அந்த வரியைப் படிக்கும், எரரும் காட்டாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் இயல்பான என்ஜின் என்றாலும் பழைய டேபிள்கள் தாமாக மாறுவதில்லை. நாமே மாற்றினாலும் அன்று விழுங்கப்பட்ட கீ திரும்பி வராது. ஸ்கிரிப்டை நம்பாமல், ஒவ்வொரு டேபிளுக்கும் ‘ஷோ கிரியேட் டேபிள்’ கொடுத்து ‘கான்ஸ்ட்ரெயின்ட்’ வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பேக்கப், என்ஜின் மாற்றம் இரண்டும் வம்பில்லாமல் முடிந்தன. கீ சேர்க்கப் போனால் எரர் 3780. வாடிக்கையாளர் டேபிளில் ஐடி ‘இன்ட் அன்சைன்டு’ (மைனஸ் வராத முழு எண்), பில் டேபிளில் அதே எண் வெறும் ‘இன்ட்’. இரண்டும் அச்சாகப் பொருந்தினால்தான் கீ ஏறும். 8.0 எந்த ஃபீல்டு என்று பெயர் சொல்லித் திட்டுகிறது, 5.7இல் மொட்டையாக 1215 மட்டும் வரும், ‘ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்’ கொடுத்துத் தோண்ட வேண்டும். எழுத்து ஃபீல்டுகளில் நீளம் மாறலாம், கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) மாறக் கூடாது. பழைய டேபிள் ‘ஜெனரல் சிஐ’, 8.0இல் புதிதாக உருவாக்கியது ‘0900 ஏஐ சிஐ’ என்றிருந்தால் பொருள் குறியீடு ஒன்றுபோலவே தெரியும், கீ மட்டும் ஏறாது.

டைப்பைத் திருத்தும்போது ஒரு எச்சரிக்கை: ‘மாடிஃபை’ கட்டளையில் முழு விவரத்தையும் எழுத வேண்டும். ‘நாட் நல்’ (காலியாக விடக் கூடாது), ‘ஆட்டோ இன்கிரிமென்ட்’ (அடுத்த எண்ணைத் தானாகப் போடு) எதையாவது விட்டால் அது ஃபீல்டிலிருந்தும் போய்விடும். எல்லா டைப்பையும் சரிசெய்த பிறகே முதல் கீயைச் சேருங்கள். கீ ஏறியபின் டைப்பை மாற்ற அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது எரர் 1452. அதாவது அனாதை ரெக்கார்டுகள்: பில் இருக்கிறது, அதன் வாடிக்கையாளர் இல்லை. பில்லிலிருந்து வாடிக்கையாளருக்கு லெஃப்ட் ஜாயின் (எல்லா பில்லையும் வைத்துக்கொண்டு பொருந்தும் வாடிக்கையாளரை இணைப்பது) போட்டு, வாடிக்கையாளர் பக்கம் ‘நல்’ (காலி) வருகிறவற்றை எடுத்தால் பட்டியல் கிடைக்கும். பில்லிலேயே வாடிக்கையாளர் எண் ‘நல்’ என்று இருப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஃபாரின் கீ ‘நல்’ மதிப்பைத் தடுக்காது.

பட்டியலில் பெரும்பாலானவை வாடிக்கையாளர் எண் 0. பெயரைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்தால் பில் போடும் ஏதோ ஒரு திரையே 0 எழுதியிருக்கிறது. ‘ரொக்க விற்பனை’ என்று 0 எண்ணில் ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். நடக்காது, ஆட்டோ இன்கிரிமென்ட் ஃபீல்டில் 0 கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் அடுத்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு எஸ்க்யூஎல் மோடு உண்டு, ஆனால் அதை நம்பி 0ஐ வைத்திருப்பது வம்பு. புது எண்ணில் ‘ரொக்க விற்பனை’ சேர்த்து, பில்களை அதற்கு மாற்றுவதே சுத்தம்.

மீதி எல்லாம் யாரோ டெலிட் செய்த வாடிக்கையாளர்களின் பில்கள். தயவுசெய்து பில்லை அழிக்காதீர்கள், கணக்கு உதைக்கும். அதே பழைய எண்ணில் ‘நீக்கப்பட்டவர்’ என்று ஆளுக்கொரு வரி சேர்த்தால், யாருடைய பில் எது என்பதாவது கலக்காமல் நிற்கும்.

இந்தக் கட்டத்தில் எவராவது ‘ஃபாரின் கீ சோதனை அமைப்பை 0 ஆக்கி நிறுத்திவிட்டுச் சேர்’ என்பார்கள். கீ ஏறிவிடும், உண்மை. திரும்ப 1 ஆக்கும்போது பழைய ரெக்கார்டுகளை மைஎஸ்க்யூஎல் சோதிப்பதில்லை. அனாதைகள் அப்படியே இருக்க, எல்லாம் சரி என்று ஷோ கிரியேட் டேபிள் சொல்லும். கீயே இல்லாமலிருப்பதைவிட இது மோசம். அந்தச் சோதனையை 1இல் வைத்துச் சேர்த்தால் டேபிள் முழுதும் காப்பியாகும், அதுவரை எழுத முடியாது. கடை சாத்தியபிறகு ஓடவிடுங்கள்.

கேஸ்கேடை (மேல் ரெக்கார்டு அழிந்தால் அதைச் சார்ந்தவையும் தானாக அழிவது) பில்லுக்கும் அதன் பொருள் வரிகளுக்கும் இடையில் மட்டும் வைக்கலாம், அதுவும் டிரிகர் (ரெக்கார்டு மாறும்போது தானாக ஓடும் கட்டளை) இல்லாவிட்டால். 8.0இல் கேஸ்கேடால் அழியும் ரெக்கார்டுக்கு டிரிகர் ஓடாது. பொருள் வரி அழிந்தால் ஸ்டாக்கைத் திரும்ப ஏற்றும் டிரிகர் இருந்தால் ஸ்டாக் கணக்கு தப்பாகும். வாடிக்கையாளருக்கும் பில்லுக்கும் இடையில் ரெஸ்ட்ரிக்ட்தான் (பில் இருக்கும்வரை வாடிக்கையாளரை அழிக்க விடாது).

கீக்குப் பெயர் வைக்க மறக்க வேண்டாம். 1451 (பில் உள்ள வாடிக்கையாளரை அழிக்கப் போனால் வரும் எரர்), 1452 இரண்டும் அந்தப் பெயரோடுதான் வரும். கீ ஏறிய மறுநாளே எந்தத் திரை 0 எழுதுகிறது என்று அதை வைத்துத்தான் பிடிபட்டது. அந்த நிம்மதிக்கே இவ்வளவு பாடும் தகும்.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு அவஸ்தை பாதிதான்: ‘நாட் வேலிட்’ என்று (பழைய ரெக்கார்டுகளைச் சோதிக்காமல்) சேர்த்துவிட்டு, அனாதைகளைச் சரிசெய்தபின் ‘வேலிடேட் கான்ஸ்ட்ரெயின்ட்’ ஓடவிடலாம். ஆனால் மைஎஸ்க்யூஎல் போல அது பில் பக்கத்தில் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸைத் தானாகப் போடாது. நீங்கள்தான் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு வாடிக்கையாளரை டெலிட் செய்ய பில் டேபிள் முழுவதையும் துழாவும்.