உப்புக்காற்றில் நிற்கும் பழைய காருக்கு முதலில் ஏர்த்தைப் பாருங்கள்

திருகோணமலையில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே காலையில் பழைய கார் பிடிக்க மறுத்தால் குளிரைக் குற்றம் சொல்ல இடமில்லை. குளிர் மலையான நுவரெலியாவின் காருக்குச் சொல்லும் வைத்தியத்தை இங்கே செய்து, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து இழுத்துப் பார்த்தால் பிளக் நனைவதுதான் மிச்சம். உட்துறைமுக வீதியிலோ உப்புவெளியிலோ கடற்காற்றில் நிற்கும் காரில் முதலில் கெடுவது இரும்பும் இரும்பும் தொடும் இடங்கள், அதாவது மின்சாரம் காரின் உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் ஏர்த் இணைப்புகள். பெற்றோல் அளவைக் காட்டும் முள் பொய் சொல்வதற்கும் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டர் சோம்பிச் சுற்றுவதற்கும் பல தடவை அதே உப்புத்தான் காரணம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முள்ளிலிருந்து தொடங்குவோம். சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று துள்ளி நின்றால் அது இரண்டு சுருள் வைத்த பழைய வகை. முந்திய மொறிஸ் மைனர்களில் இருப்பது. மெல்ல மெல்ல, பல விநாடி எடுத்து ஏறினால் அது சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு வைத்த வகை. பிந்திய மைனர்களிலும், எழுபது எண்பதுகளில் வந்த யப்பான் கார்களில் பெரும்பாலானவற்றிலும் இதுதான். எந்த வகை என்று தெரியாமல் சோதிக்க இறங்கினால் நல்ல மீற்றரைக் கழற்றி எறிய நேரும், ஏனென்றால் இரண்டும் நேர் எதிராக நடக்கும். பெற்றோல் தாங்கியில் மிதவையோடு அளவு பார்க்கும் யூனிட்டின் வயரைக் கழற்றி விட்டால் சுருள் வகை முழுமையைக் காட்டும், ஈருலோக வகை வெறுமையைக் காட்டும். அதே வயரை பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடம்போடு, இணைத்தால் சுருள் வகை வெறுமைக்கு இறங்கும், ஈருலோக வகை முழுமைக்கு ஏறும்.

இந்தச் சோதனைக்குச் சாவியை நிறுத்தி, வயரைப் பொடியோடு கட்டி, அதன்பிறகே சாவியைத் திருப்புங்கள். தாங்கிக்குப் பக்கத்தில் பொறி தெறிக்கக் கூடாது. ஈருலோக முள் முழுமையைத் தொட்டவுடன் சாவியை நிறுத்திவிட வேண்டும். விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி எரிந்துவிடலாம்.

முள் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போய் வந்தால் மீற்றரும் வயரும் நல்லவை. கோளாறு பின்னால் இருக்கிறது. உடனே யூனிட்டைக் கழற்ற வேண்டாம். யூனிட் தன் ஏர்த்தைத் தன்னுடைய ஆணிகள் வழியாகத் தாங்கியிலிருந்தும், தாங்கி அதைத் தன் பட்டிகள் வழியாகப் பொடியிலிருந்தும் எடுக்கிறது. நடுவில் பெயின்ட், ரப்பர், துரு. யூனிட்டின் ஓர் ஆணியிலிருந்து, சுரண்டிப் பளபளப்பாக்கிய பொடி இரும்புக்கு ஒரு தனி வயர் பிடித்துப் பாருங்கள். முள் சரியான இடத்துக்கு வந்தால் வேலை முடிந்தது. 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஐலெட் என்ற வளைய முனை அடித்து நிரந்தரமாகப் பூட்டி, மேலே கிறீஸ் பூசிவிடுங்கள். கெட்ட ஏர்த் தடையைக் கூட்டுவதால் ஈருலோக வகையில் முள் குறைத்துக் காட்டும், சுருள் வகையில் கூட்டிக் காட்டும். கூட்டிக் காட்டுவதுதான் ஆபத்து. தாங்கியில் கால்வாசிப் பெற்றோல் இருக்கிறது என்று நம்பி நிலாவெளிக்குப் புறப்பட்ட கார் நடுவழியில் நிற்பது அதனால்தான்.

பெற்றோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து உயரக் காட்டினால் யூனிட்டைத் தொடவே வேண்டாம். அது டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர். ஸ்மித்ஸ் கம்பனி மீற்றர்களுக்கு அது 10 வோல்ட் கொடுக்கும்; அதன் தகரக் கூட்டுக்கு ஏர்த் கிடைக்காவிட்டால் முழு 12 வோல்ட்டும் உள்ளே போகும். கூட்டைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள். செத்துப்போயிருந்தால் 7810 என்ற மூன்று கால் ஐசி அந்த வேலையைச் செய்யும், ஆனால் நெகட்டிவ் ஏர்த் காரில், அதாவது பற்றரியின் நெகட்டிவ் கம்பம் பொடியோடு இணைந்த காரில், மட்டும்.

யூனிட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் தாங்கியில் பெற்றோல் குறைவாக இருக்கட்டும், பற்றரி வயரைக் கழற்றுங்கள், காரை வெளியே காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து மிதவையை மெல்ல உயர்த்துங்கள். எண் ஒழுங்காக ஏறி இறங்க வேண்டும். நடுவில் தாவினால் தடைக்கம்பியில் அழுக்கு அல்லது தேய்வு. கொன்டாக்ட் கிளீனர் அடித்து, பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். அரத்தாள் வேண்டவே வேண்டாம். கம்பி தலைமயிர் போன்றது. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் சலசலத்தால் அது ஓட்டை. ஈயம் பற்றவைத்து அடைக்கலாம் என்பார்கள். உள்ளே ஆவி மிஞ்சியிருந்தால் அது வெடிக்கும், ஈயம் கூடினால் பாரத்தில் தாழ்ந்து குறைத்துக் காட்டும். புது மிதவை போடுவதே நல்லது. பூட்டும்போது புதுக் கார்க் கஸ்கற்றும் பெற்றோலுக்குத் தாங்கும் பசையும். சாதாரண சிலிக்கன் பெற்றோலில் ஊறிப் பிய்ந்து, துண்டு துண்டாகக் கார்புரேட்டருக்குப் போகும்.

இனி விடியற்காலை ஸ்டார்ட். இங்கேயும் முதலில் ஏர்த்தான். மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் கம்பத்திலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினைப் பொடியோடு இணைக்கும் பட்டியோ பற்றரியின் ஏர்த் வயரோ கெட்டுவிட்டது. மீற்றர் கையில் இல்லாதவர்களுக்கும் ஓர் அடையாளம் உண்டு: செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சுட்டால், பட்டி வழியாகப் போக வேண்டிய மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகப் போகிறது. பற்றரியை மாற்றிக் காசைக் கரைப்பதற்கு முன் இதைப் பாருங்கள். பட்டி நல்லதாய் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது பற்றரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அப்போது பற்றரியைச் சந்தேகிக்கலாம்.

செல்ஃப் உற்சாகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நின்ற காரின் எஞ்சின் சூட்டில், கார்புரேட்டர் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிவிடும். காலையில் கிண்ணம் வெறுமை. மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார் அதை நிரப்ப நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். ஒரு சிரிஞ்சால் 20 மில்லிலீற்றர் பெற்றோலைக் கிண்ணத்தின் காற்றுக்குழாய் வழியாக விட்டுப் பாருங்கள். உடனே பிடித்தால் சோக்கிலோ பிளக்கிலோ குற்றமில்லை. பம்பின் வால்வு கசிந்து பெற்றோல் தாங்கிக்கே திரும்புகிறதென்றால், தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் ஒருவழி வால்வு ஒன்று போடலாம். மைனரில் உள்ள எஸ்.யூ. கம்பனி மின்பம்ப் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்துக் கிண்ணம் நிரம்பியதும் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடாமலே விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தால் எங்கோ கசிகிறது.

எஸ்.யூ. கார்புரேட்டருக்கு, பெடலை மிதித்தால் பெற்றோல் பீய்ச்சும் அக்சிலேட்டர் பம்ப் கிடையாது. மைனரில் பெடலை மிதித்து மிதித்துப் பயனில்லை. சோக்கை இழுத்தால் பெற்றோல் வரும் துளைக்குழாயான ஜெட் கீழே இறங்க வேண்டும், இறங்குகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். யப்பான் கார்களில் இரண்டு மூன்று தரம் மிதிப்பது சரி. அவற்றில் பிடித்து இரண்டு விநாடியில் கரும்புகையோடு நின்றால், சோக் தகட்டைச் சற்றே திறந்துவிடும் வாக்குவம் டயபிரம் கிழிந்திருக்கும்.

பொறிப் பக்கத்தில் பலர் தவறவிடுவது இரண்டு. சாவியை விடும் கணத்தில் மட்டும் எஞ்சின் பிடித்தால், ஸ்டார்ட் நேரத்தில், பொறிக்கு உயர் வோல்ட்டேஜ் உண்டாக்கும் கொயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்கும் வயர் அறுந்திருக்கிறது. ஓடும்போது கொயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள கார்களில்தான் இது வரும். மற்றது, பொசிட்டிவ் ஏர்த்திலிருந்து நெகட்டிவ்வுக்கு மாற்றிய மைனர்கள். கொயிலின் வயர்களை மாற்றாமல் விட்டிருந்தால் பொறிக்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டியிருக்கும், குளிர்ந்த எஞ்சினில் கொயில் கொடுப்பது போதாது. நெகட்டிவ் ஏர்த் என்றால், பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் வயர் கொயிலின் மைனஸில் இருக்க வேண்டும். டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்டின் இடைவெளி மைனருக்கு 0.4 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.64.

மாரி மழையில் இன்னொரு கதை. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்தால் துணியால் துடைத்தாலே பிடிக்கும். துடைத்தும் பிடிக்காவிட்டால் உள்ளே மயிரிழைக் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை தாங்கியை அரைக்குக் கீழே விடாதீர்கள். வெற்றிடத்து ஈரக்காற்று நீராகி அடியில் தேங்கும். சந்தேகமென்றால் பெற்றோல் குழாயிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். நீர் அடியில் தனியாகத் தெரியும். தெரிந்தால் தாங்கியை அடிவரை வடித்து, பில்டரையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் அன்றே கழுவுங்கள்.