தல்கீன் சண்டையும் தே தாரிக்கும்

நேற்று விடிகாலை சுபுஹ் தொழுகையில் மறுபடியும் அதே கதை. நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. எங்கள் சூராவில், அதாவது சின்னப் பள்ளிவாசலில், இமாம் குனூத் என்கிற வேண்டுதலை ஓதக் கையேந்தினார், பின்னால் நின்ற முப்பது பேரில் நாலு பேர் மட்டும் கையைத் தொங்கவிட்டபடி நின்றார்கள். சலாம் கொடுத்து முடித்ததும் ஒரு பெரியவர் அந்த நாலு பேரையும் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்குப் பேச்சே தேவையில்லை. வெளியே செருப்பு மாட்டும்போது ஒருவர் "வஹ்ஹாபி" (பழைய வழக்கமெல்லாம் கூடாது என்பவன்) என்று முணுமுணுக்க, இன்னொருவர் "கப்ரு வணங்கி" (சமாதியைக் கும்பிடுகிறவன்) என்று பதிலுக்கு முணுமுணுக்க, விடிவதற்குள் எல்லோருக்கும் மனசு கசந்துவிட்டது.

எனக்கு இதில் சிரிப்புதான் வருகிறது. எங்கள் அத்தா ராவுத்தர், ஹனஃபி மத்ஹப் (சட்ட வழி). அம்மா வீடு கடற்கரைப் பக்கம், மரைக்காயர்கள், இன்னொரு வழியான ஷாஃபி, தகப்பனை வாப்பா என்று கூப்பிடுகிறவர்கள். ஹனஃபிகளுக்குச் சுபுஹில் குனூத் கிடையாது, இரவின் கடைசித் தொழுகையான வித்ரில்தான். மாலைத் தொழுகையான அசர் நேரமும் கொஞ்சம் தள்ளித்தான் வரும். அத்தா இந்த ஊரில் ஐம்பது வருஷம் மலாய் இமாம் பின்னால், ஷாஃபி நேரத்துக்கே தொழுதார், குனூத்தில் கையைத் தொங்கவிட்டபடிதான் நின்றார், ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. இமாம் ஷாஃபியே பாக்தாதில் இமாம் அபூ ஹனீஃபாவின் கப்ருக்குப் பக்கத்தில் தொழுதபோது, அவருக்கு மரியாதையாகக் குனூத்தை விட்டுவிட்டார் என்று ஒரு சம்பவம் சொல்வார்கள். அத்தாவுக்கு மிகவும் பிடித்த கதை அது. அப்போதெல்லாம் கையைத் தொங்கவிட்டால் "அவர் ஹனஃபி" என்பார்கள், அதோடு சரி. இப்போது அதே கைக்கு வேறு பெயர் வந்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து, குர்ஆனும் ஹதீஸும் மட்டும் போதும் என்கிற தவ்ஹீத் கேசட்டுகள் வந்தப்புறம்தான் எல்லாம் கெட்டது என்பார்கள் எங்கள் பெருசுகள். பாதிதான் உண்மை. இதே சண்டையை மலாய்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே போட்டு முடித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1906-ல் 'அல் இமாம்' பத்திரிகை வந்ததிலிருந்து கவும் மூடா (இளையவர் கூட்டம்), கவும் துவா (மூத்தவர் கூட்டம்) என்று இரண்டு கட்சி. நிய்யத்தை (தொழும் எண்ணத்தை) வாய்விட்டுச் சொல்லலாமா, அடக்கம் முடிந்ததும் கப்ருக்குப் பக்கத்தில் இறந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தல்கீனை ஓதலாமா, மவுத்து வீட்டில் கந்தூரிச் சோறு சாப்பிடலாமா, எல்லாம் அன்றைக்கே பேசியாகிவிட்டது. மற்ற மாநிலங்கள் ஷாஃபி வழியில் போக, பெர்லிஸ் மட்டும் எந்த மத்ஹபையும் கட்டிக்கொள்ளாமல் குர்ஆன், சுன்னா என்று இன்றைக்கும் தனியாக நிற்கிறது. ஒரே நாட்டுக்குள் இரண்டும் இருக்கிறது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சரி, அத்தா மவுத்தான நாளுக்கு வருகிறேன்.

தம்பி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். அடக்கம் முடிந்தப்புறம் தல்கீன் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டான். அதற்கான ஹதீஸ் (நபிமொழி) பலவீனமாம். அவன் சொன்னதில் பொய் இல்லை, ஷாஃபி வழியின் பெரிய அறிஞர் இமாம் நவவியே அந்த அறிவிப்பு பலவீனமானது என்று ஒத்துக்கொண்டுதான், ஓதுவது நல்லது என்கிறார். பெரியத்தா விடுவாரா? "என் தம்பியை அனாதை மாதிரி மண்ணைத் தள்ளி மூடிட்டு வரச் சொல்றியா?" மய்யித்தை நடு வீட்டில் வைத்துக்கொண்டு இருவரும் குரலை உயர்த்த, அம்மா உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை "போதும்" என்றார்.

கப்ருஸ்தானில் யார் சொல்லும் எடுபடவில்லை. அங்கே எல்லாம் தொக் இமாம்தான். மண் மூடியதும் தலைமாட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் தண்ணீர்க் கெண்டி. நாங்கள் சுற்றிக் குந்தினோம். தம்பி கொஞ்சம் தள்ளி, ஒரு கம்போஜா மரத்தடியில். தல்கீனில் மய்யித்தைத் தாய் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இன்னாளின் மகனே என்று. தொக் இமாம் கிதாபைப் பிரித்துவிட்டு நிமிர்ந்து "நாமா இபு?" என்றார், அம்மா பெயர் என்ன என்று.

எனக்கு வாயே வரவில்லை. அத்தாவைப் பெற்றவர் எங்களுக்கு நன்னி, அவ்வளவுதான். பெரியத்தா, சொந்த மகன், வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், துக்கத்தில் மனுஷனுக்குப் பெற்றவள் பெயரே மறந்துவிட்டது. பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. நன்னியின் முழுப் பெயரையும் சொன்னான். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரி ஃபாரமெல்லாம் அவன்தானே நிரப்பினான். தொக் இமாம் தலையாட்டிவிட்டு ஓத ஆரம்பித்தார். தம்பி மரத்தடியிலேயே நின்றான், ஆனால் முடியும்வரை போகவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அவன் வரவில்லை. எல்லோரும் கலைந்தப்புறம் வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பெரியத்தா அவனுக்குக் கறி அள்ளி வைத்தார், சலாத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். ஓதுவது, ஓதாதது, இதற்கெல்லாம் இரண்டு பக்கமும் கிதாப் இருக்கிறது. கலிமா சொன்னவனைப் பார்த்து முஷ்ரிக் (இணை வைப்பவன்) என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார்களே, அதற்கு எந்தக் கிதாபில் அனுமதி என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே மலாய்க்காரர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே 'மாமாக்'தான், அவர்களுக்கு ராவுத்தரும் தெரியாது, தவ்ஹீதும் தெரியாது.

நோன்பு வந்தால் எனக்கு வேறு தலைவலி. இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்ற பஞ்சாயத்து. மக்காவிலேயே 2020-ல் கொரோனா சமயத்தில் இருபதைப் பத்தாகக் குறைத்தார்கள் என்று சொன்னால் இரண்டு கட்சியும் என்னை முறைக்கும். எட்டோடு எழுந்து போகிறவர்கள் வீட்டுக்குப் போவதில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மொரேவுக்கு, அதாவது தொழுகை முடிந்து தரும் பலகாரத்துக்கு, காத்திருப்பார்கள். தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றும் டீ, என் பொறுப்பு. எட்டு முடிந்ததும் ஆற்றிவைத்தால் இருபதுக்காரர்கள் வருவதற்குள் ஆறிப்போகும், அதனால் போன வருஷத்திலிருந்து பதினாறில் நான் நைசாக எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன். இதில் நான் எந்தக் கட்சி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் சீனி குறைச்சல் என்று மட்டும் சொல்கிறார்கள்.