கோபுரம் இல்லாத பாறைக் கோயில்

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியின் தெம்பெலியாவ்கியோ தேவாலயத்தைக் காணொளி அழைப்பில் காட்டியபோது, "கோபுரத்தையே காணோமே கண்ணு, இது கோயில்தானா?" என்று அம்மா கேட்டார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேருந்து ஜன்னலிலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவருக்கு, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு பாறைமேடும் தாழ்வான கான்கிரீட் வாசலும் எப்படிக் கோயிலாகத் தோன்றும்? மணிக்கூண்டுகூட இல்லை, பதிவு செய்த மணியோசைதான் ஒலிபெருக்கியில் வருகிறது.

1961-ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற திமோ, துவோமோ சுவோமலைனென் சகோதரர்கள் பாறையின் மேல் கட்டாமல் அதைக் குடைந்து இறங்கினார்கள். 1969-இல் பணி நிறைவுற்றது. மேலே செம்புக் கூரை; அதைச் சுற்றி 180 சாளரங்கள் வழியே இறங்கும் வெளிச்சம்.

வாசலில் என் கால்கள் தாமாகவே செருப்பு விடும் இடத்தைத் தேடின. வீட்டுக்குள் நம்மைப் போலவே காலணியைக் கழற்றிவிட்டு நுழையும் பின்லாந்து மக்கள், ஆலயத்துக்குள் அதோடேயே நடக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் உள்ளே போனதும் சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. பூச்சில்லை, மெருகில்லை, பாறையைத் துளையிட்ட கருவியின் கோடுகள் அப்படியே தெரிகின்றன, இடுக்குகளில் நீர் கசிகிறது. ஒலி நன்கு அமைய வேண்டும் என்பதற்காக, இசைக்குழு நடத்துநர் பாவோ பெர்க்லுண்டும் ஒலியியல் வல்லுநர் மௌரி பார்யோவும் பாறையை மூடாமல் விடச் சொன்னார்களாம். அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. டிராமும் பனியும் கடைக்காரரோடு பேசும் நாலு வார்த்தைப் பின்னிஷும் அன்றாடமாகிவிட்டன. அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தத் துளைக்கோடுகளில் விரல் வைத்ததும், மாமல்லபுரத்தில் முடிவுறாமல் நிற்கும் பல்லவர் குடைவரைகளும், அவற்றில் கட்டம் கட்டமாக உளி கொத்திய தடங்களும், தெருவெல்லாம் கேட்கும் சிற்பக்கூடச் சத்தமும் ஒன்றாக வந்து சூழ்ந்துகொண்டன. கல்லில் கைபட்ட அடையாளத்தை மறைக்காமல் விட்டிருக்கும் இடம் எதுவானாலும், அதை அந்நிய மண் என்று எண்ண என்னால் முடிவதில்லை.

இங்கே அடிக்கடி இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இந்தச் செம்புக் கூரையின் கீழ் ஒருநாள் வீணைக் கச்சேரி கேட்க வேண்டும் என்பது என் பேராசை. நாதஸ்வரத்துக்குத்தான் திறந்தவெளி வேண்டும். அதற்குப் பாறையின் மேல்மேடு இருக்கவே இருக்கிறது, அங்கே யார் வேண்டுமானாலும் ஏறலாம்.