பழமலைக்கு அம்மாவின் வேண்டுதல்

மூட்டு அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்துட்டேன்னா பழமலைநாதரைப் பார்க்க வர்றேன்னு வேண்டியிருக்கேன்" என்றாள். போன பிரதோஷத்தன்றுதான் அது நிறைவேறியது.

பேருந்துப் பலகையில் விருத்தாசலம். அம்மா வாயில் அந்தப் பெயர் வராது, பழமலைதான். தேவாரத்தில் அது திருமுதுகுன்றம். மூன்றும் ஒரே பொருள்தான். முது, விருத்தம் இரண்டும் பழமை. அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. குன்றம் நம் சொந்தச் சொல். மலையாளத்தில் இன்றும் குன்னு என்கிறார்கள். தேவாரம் பாடிய அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியது அந்தத் தமிழ்ப் பெயரைத்தான். வடமொழிப் பெயர் அதன் நேர் மொழிபெயர்ப்பு. ஆனால் ஊரில் இறங்கினால் மலையே தெரியாது. சமதரை, பக்கத்தில் மணிமுத்தாறு. மலை பூமிக்குள் அழுந்தியிருக்கிறது என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் காலடியில் மலை இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

வாசலிலேயே ஒருவர் வழிமறித்தார். 500 ரூபாய் கொடுத்தால் நேராகச் சந்நிதிக்குக் கூட்டிப்போவாராம். சாமியைப் பார்க்க வந்த இடத்தில் இப்படிக் கேட்கிறார்களே என்று மனசு வெறுத்துவிட்டது. மறுத்துவிட்டு வரிசையில் நின்றோம். ஒரே தள்ளுமுள்ளு.

ஆழத்துப் பிள்ளையாரை மேலிருந்தே கும்பிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து இறங்கினாள். பின்னால் அவசரப்படுத்தினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் அவளது மறு கையைத் தாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

பழமலைநாதருக்குத் தீபாராதனை. அம்மா எதுவுமே கேட்கவில்லை. "வந்துட்டேம்ப்பா" என்றாள், அவ்வளவுதான். எனக்குக் கண் மறைத்தது.

அப்புறம் அம்பாள். பெரியநாயகி, விருத்தாம்பிகை. பசித்த குரு நமசிவாயர் என்ற அடியார் சோறு கேட்டு அம்பாளைக் கிழத்தி என்று பாடியதும் அம்பாள் கிழவியாகவே வந்து, "கிழவியால் சோறு கொண்டுவர முடியுமா?" என்று கேட்டாளாம். இளமையாகப் பாடியதும் இளம்பெண்ணாக அமுதோடு வந்தாளாம். அவளுக்கும் இங்கே தனிச் சந்நிதி, பாலாம்பிகை.

அங்கே அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்தாள். தானே மூன்று சுற்று வந்தாள். தாயே, உனக்கு நான் என்ன செய்வேன்!