ஸ்டோரேஜ் நிர்வாகிகளுக்குப் பல்காரணி அங்கீகாரம்: இயக்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

ஒரு நிறுவனத்தின் சர்வர்கள் எத்தனை இருந்தாலும், அவற்றின் தரவு கடைசியில் வந்து தங்குவது ஒன்றிரண்டு ஸ்டோரேஜ் சாதனங்களில்தான். அந்தச் சாதனத்தின் நிர்வாகிக் கணக்கு ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால், வால்யூம்களையும் (தரவைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) அவற்றின் ஸ்னாப்ஷாட்களையும் (குறிப்பிட்ட நேரத்து நிலையின் பதிவுகள்) சில கட்டளைகளிலேயே அழித்துவிடலாம் என்பது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்களுக்கு நன்றாகத் தெரியும். கோப்புகளைப் பூட்டுவதற்கு முன்பே பேக்கப்புகளைத் தேடிப்பிடித்து அழிப்பது அவர்களுடைய வழக்கமான நடைமுறை. இருந்தும், மின்னஞ்சலுக்கும் விபிஎன்னுக்கும் கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றை, அதாவது இரண்டாவது காரணியை, கட்டாயமாக்கிய இடங்களிலேயே, ஸ்டோரேஜுக்குள் நுழைய இன்னமும் ஒரு பயனர்பெயரும் ஒரு கடவுச்சொல்லும் போதுமானவையாக இருப்பதைக் காண்கிறேன். "அது உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஒருவனைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம் என்பதை அந்தப் பதில் கணக்கில் எடுப்பதில்லை.

பல்காரணி அங்கீகாரத்தை இயக்கும் வேலை, இப்போதைய சாதனங்களில் பெரும்பாலும் அரைமணி நேரத்து வேலைதான். கடினமானது வேறு: எந்தெந்த வழிகளில் உள்ளே நுழைய முடியும் என்பதையும், இரண்டாவது காரணி எந்தெந்த அமைப்புகளை நம்பி நிற்கிறது என்பதையும் முன்கூட்டியே ஒரு தாளில் வரைந்து பார்ப்பது. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் கணக்குகள். நான்கு பேர் சேர்ந்து பயன்படுத்தும் 'அட்மின்' கணக்கு ஒன்று இருக்கும்வரை இந்த முயற்சிக்குப் பொருளே இல்லை. யாருடைய கைப்பேசியில் ஒருமுறைக் குறியீடு வர வேண்டும் என்ற கேள்விக்கே விடை கிடையாது. கைப்பேசிச் செயலியைப் பதிவு செய்வதற்கான கியூஆர் குறியீட்டின் படத்தைக் குழுவின் பொது மின்னஞ்சலில் போட்டுவைத்து, எல்லோரும் அதையே ஸ்கேன் செய்துகொள்ளும் 'தீர்வு' பல இடங்களில் உண்டு. அந்தப் படத்துக்குள் இருப்பது ரகசியச் சாவியேதான். அதைப் பொதுவில் வைத்த நொடியில் இரண்டாவது காரணி இரண்டாவது கடவுச்சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நிர்வாகிக்கும் தனிக் கணக்கு, அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் உரிமை என்று பிரித்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்து நுழைவழிகள். பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கட்டளைகளைத் தட்டி இயக்கும் தொலைநுழைவான எஸ்எஸ்ஹெச் பாதிப் பேருக்கு நினைவுக்கு வரும். மற்ற மென்பொருள்கள் பேசும் ரெஸ்ட் ஏபிஐ, கேபிளை நேரடியாக இணைத்து நுழையும் சீரியல் கன்சோல், சாதனத்தை இயக்கும் கன்ட்ரோலரின் உள்ளேயே தனி ஐபி முகவரியோடு இயங்கும் மேலாண்மைச் சிப், தயாரிப்பாளரின் பழுதுநீக்கும் பிரிவுக்கென்று விடப்பட்டிருக்கும் கணக்கு ஆகியவை பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. இவற்றுக்கான அமைப்பும் ஒன்றாக இருப்பதில்லை. நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ்களை இயக்கும் ஆன்டாப் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் 9.3 பதிப்பிலிருந்து வெப் பக்கத்துக்கு சாம்ல் வழியான (பயனரைச் சரிபார்க்கும் வேலையை வேறொரு சர்வரிடம் விடும்) அங்கீகாரமும், எஸ்எஸ்ஹெச்சுக்குப் பொதுச் சாவியையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கேட்கும் முறையும் கிடைக்கின்றன. நேரம் சார்ந்த ஒருமுறைக் குறியீடு 9.13.1 பதிப்பில்தான் வந்தது. இவை தனித்தனி அமைப்புகள் என்பதால், வெப் பக்கத்தில் ஒன்றை இயக்கிவிட்டதாலேயே எஸ்எஸ்ஹெச் பாதுகாப்பாகிவிடாது. ஒரே கணக்குக்கு ஒவ்வொரு நுழைவழியிலும் என்ன அங்கீகார முறை பதிவாகியிருக்கிறது என்பதைப் பட்டியலிட்டுப் பார்த்தால், வெறும் கடவுச்சொல்லோடு நிற்கும் ஒரு வரியாவது அநேகமாகக் கண்ணில் படும்.

எந்தக் காரணியைத் தேர்ந்தெடுப்பது? குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சிம் கார்டை ஏமாற்றி மாற்றிவிடும் மோசடி ஒன்றே அதற்குப் போதுமான காரணம். கைப்பேசியில் 'ஒப்புக்கொள்' என்று தட்டும் முறை வசதியானதுதான். ஆனால் நள்ளிரவில் கோரிக்கைகளைத் தொடர்ந்து அனுப்பி, தொல்லை தாங்காமல் ஒருமுறையாவது தட்டவைக்கும் உத்தி 2022இல் பெரிய நிறுவனங்களிலேயே பலித்திருக்கிறது. திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் உள்ளிடச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே இந்தத் தட்டும் முறையை ஏற்கலாம். ஃபிடோ2 வகை வன்பொருள் சாவி, தான் பதிவான தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால், போலிப் பக்கத்தில் யார் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. சாதனமும் அதன் மென்பொருள் பதிப்பும் இடம்கொடுத்தால் அதுவே என் முதல் தேர்வு. ஒருவருக்கு இரண்டு சாவிகளைப் பதிவு செய்து, ஒன்றை வேறிடத்தில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலோர் வந்து நிற்பது, ஆறு இலக்கக் குறியீடு காட்டும் செயலியில்தான். 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6238 வகுத்த முறை அது. 1970 தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகளை முப்பதால் வகுத்து, கிடைக்கும் எண்ணையும் ரகசியச் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டு, விளைவின் ஒரு பகுதியை ஆறு இலக்கமாகச் சுருக்குகிறார்கள். கைப்பேசியும் சாதனமும் தமக்குள் எதுவும் பேசிக்கொள்வதில்லை. இரண்டும் தனித்தனியே அதே கணக்கைப் போடுகின்றன. எனவே இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். முந்தைய முப்பது நொடிக்கான குறியீட்டையும் சேர்த்து ஏற்கும் அளவுக்குத்தான் வழக்கமாகச் சலுகை இருக்கும். கன்ட்ரோலரின் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால், செயலி காட்டும் ஆறு இலக்கங்களை எத்தனை முறை சரியாகத் தட்டினாலும் 'அங்கீகாரம் தோல்வி' என்ற ஒரே பதில்தான் வரும். கடிகாரம்தான் காரணம் என்று அந்தச் செய்தி ஒருபோதும் சொல்லாது. ஆகவே முதல் வேலை, நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி சர்வர்களைச் சரிபார்ப்பது. கன்ட்ரோலர் இரண்டு இருந்தால் இரண்டின் நேரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இனி, நான் மிக முக்கியம் என்று கருதும் விஷயத்துக்கு வருகிறேன். பயனர்களைச் சரிபார்க்கும் அடையாளச் சர்வர் வழியாக அங்கீகாரம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சர்வர் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினி. அதன் டிஸ்க் இருப்பது இதே ஸ்டோரேஜில். ஒருநாள் ஸ்டோரேஜில் கோளாறு ஏற்பட்டு வால்யூம்கள் கிடைக்காமல் போனால், அடையாளச் சர்வரும் விழும். அதைச் சரிசெய்ய ஸ்டோரேஜுக்குள் நுழைய வேண்டும். நுழைய அடையாளச் சர்வர் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் என்டிபியும் இதே வட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளக்கூடும். பராமரிப்புப் பணிக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றும் நாளில்தான் பெரும்பாலும் இது வெளிப்படுகிறது. இந்தச் சார்பு வேறொரு விதத்திலும் ஆபத்தானது. ஸ்டோரேஜின் நிர்வாக நுழைவை நிறுவனத்தின் பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் பொது ஆக்டிவ் டைரக்டரியோடு இணைத்துவிட்டால், அந்த டைரக்டரியின் தலைமை உரிமையைக் கைப்பற்றியவன், தன் கணக்கை ஸ்டோரேஜ் நிர்வாகிகள் குழுவில் சேர்த்து, தன் கைப்பேசியையே இரண்டாவது காரணியாகப் பதிவு செய்துகொள்ள முடியும்.

இதற்காகவே சாதனத்துக்குள்ளேயே இருக்கும் அவசரக் கணக்கு ஒன்று தேவை. அதன் நீண்ட கடவுச்சொல் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். கன்சோல் வழியாக மட்டுமே அது நுழையும்படி கட்டுப்படுத்துவது நல்லது. அந்தக் கணக்கு பயன்படுத்தப்பட்ட உடனே இரண்டு பேருக்காவது எச்சரிக்கை போக வேண்டும், எச்சரிக்கைக்கான லாக் (நடந்தவற்றின் பதிவு) வேறொரு சாதனத்தில் சேர வேண்டும். உறைக்குள் இருப்பதை ஒருமுறையேனும் தட்டிப் பார்க்காதவர்கள், கையெழுத்தில் ஒன்றுக்கும் சிறிய 'எல்'லுக்கும் வித்தியாசம் தெரியாமல் திண்டாடும் நிலையும் வரலாம்.

இயக்கும் நாளில் ஒரு வழக்கத்தை விடாமல் பின்பற்றுகிறேன். முழு உரிமையுள்ள ஓர் எஸ்எஸ்ஹெச் அமர்வை ஓரத்தில் திறந்தே வைத்துவிட்டு, சோதனைக் கணக்கில் மட்டும் மாற்றத்தைச் செய்து, இன்னொரு சன்னலில் புதிதாக உள்நுழைந்து பார்ப்பேன். கடவுச்சொல் கேட்க வேண்டும், அதன்பின் குறியீடு கேட்க வேண்டும், தவறான குறியீட்டை வேண்டுமென்றே தட்டினால் மறுக்க வேண்டும். மூன்றும் நடந்த பிறகே மற்ற கணக்குகள். பழைய அமர்வை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பேக்கப் மென்பொருளும் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளும் குறியீடு தட்ட முடியாதவை. அவற்றுக்கு விலக்கு அளித்து நிர்வாகி உரிமையோடு விட்டுவைப்பதே மிகப் பெரிய ஓட்டை. டிஜிட்டல் சான்றிதழ் அடிப்படையிலான அங்கீகாரம், வேண்டிய கட்டளைகளுக்கு மட்டும் உரிமை, குறிப்பிட்ட ஐபி முகவரியிலிருந்து மட்டும் அனுமதி என்று மூன்றாலும் அவற்றைக் கட்டிப்போட வேண்டும்.

முறையாக உள்நுழைந்த நிர்வாகியின் அமர்வையே ஒருவன் கைப்பற்றினால் இவை எதுவும் தடுக்காது. ஸ்னாப்ஷாட் அழிப்பு போன்ற கட்டளைகளுக்கு இன்னொரு நிர்வாகியின் ஒப்புதலைக் கேட்கும் வசதி, ஆன்டாப்பில் 9.11.1 முதல் இருக்கிறது; வேறு சில சாதனங்களில் பாதுகாப்பு அதிகாரி என்ற தனிப் பொறுப்பாக இதே ஏற்பாடு காணப்படுகிறது. கைப்பேசியைத் தொலைத்தவருக்கு இரண்டாவது காரணியை மீட்டமைத்துத் தரும் வேலையையும் அந்த இருவர் ஒப்புதலுக்குள் கொண்டுவந்துவிடுவது என் வழக்கம். தொலைபேசியில் அழைத்து "என் போன் காணோம், மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பவர் உண்மையில் யார் என்பதை, குரலை மட்டும் கேட்டு ஒருவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. நேரில் வர வேண்டும், அல்லது அவரை நன்கு அறிந்த இன்னொரு நிர்வாகி காணொலி அழைப்பில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.