ஒரு ராத்திரி ரசீது

முகாமில் பக்கத்து இடத்தில் வந்து நின்ற ஆர்வி வண்டியில் (உள்ளேயே வீடுபோல் தங்கக்கூடிய பெரிய வண்டி) தெற்கு டகோட்டா மாநில நம்பர் பிளேட். "அங்கே எந்த ஊர்?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். "ஒரே ஒரு ராத்திரி தங்கியிருக்கிறேன்."

வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழும் தம்பதி. அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, ஓட்டு எல்லாமே ஏதோ ஒரு மாநிலத்தின் கணக்கில்தான் வரும். வீடே இல்லாதவர் எந்த மாநிலத்துக்காரர்?

பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ரசீதைக் காட்டினார். கடந்த ஒரு வருடத்துக்குள் அங்கே ஓர் இரவு தங்கியதற்கான முகாம் ரசீது, ஓர் உறுதிமொழிப் பத்திரம், தபாலை வாங்கி அனுப்பிவைக்கும் நிறுவனத்தின் முகவரி. ஐந்து வருட உரிமம் ரெடி. மாநில வருமான வரியும் கிடையாது.

டெக்சாஸ், புளோரிடாவிலும் அந்த வரி இல்லை. ஆனால் அவர் மனைவியின் கவலை வேறு. 65 வயதானால் ஒரிஜினல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு நாடு முழுக்கச் செல்லும். அதற்கு முன் சொந்தமாக வாங்கும் காப்பீட்டில் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்து டாக்டர்கள்தான். அரிசோனாவில் காய்ச்சல் வந்தால்?

பெரியவருக்கோ ஓட்டு விஷயத்தில் கோபம். 2023இல் வந்த சட்டப்படி, வாக்காளராகப் பதிய தெற்கு டகோட்டாவில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். உரிமத்துக்கு ஒரு ராத்திரி போதும், ஓட்டுக்கு மட்டும் ஒரு மாதமா என்கிறார்.

அங்கேயே வாழ்பவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. காபி வேறு கொடுத்திருந்தார்.