கொம்போஸ்ட் மூடிக்குக் கீழே காலில்லாத அரணை

இங்கே பிரித்தானியாவில், மே மாத வெயிலில் கொம்போஸ்ட் பெட்டியைத் திறந்தால், வெண்கலக் கம்பி போல ஒன்று சுருண்டு கிடக்கும். எங்கள் ஆட்களின் கை முதலில் தேடுவது மண்வெட்டியை. சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அம்மா, "உங்களுக்கல்லவோ அதிர்ஷ்டம்!" என்பார். பாம்பு வந்த வளவுக்கு வாழ்த்துச் சொல்கிற நாடு இது. நாங்களென்றால் நாகதம்பிரானுக்குப் பால் நேர்ந்திருப்போம்.

மண்வெட்டியை வையுங்கள். அது பாம்பே இல்லை. ஸ்லோவேர்ம் என்ற காலில்லாத பல்லி. தமிழில் இதற்குப் பெயரில்லை. அரணையின் காலைக் கழற்றிவிட்டால் அதே மினுக்கம், அதே வழுவழுப்பு. உறவு தூரம்தான், ஆனாலும் பார்த்தவுடன் அரணைதான் ஞாபகம் வரும். கூடவே 'அரணை கடித்தால் மரணம்' என்ற பழைய பயமும். அதுவும் பொய், இதுவும் விஷமில்லை.

எப்படி நிச்சயப்படுத்துவது? கண்ணைப் பாருங்கள். இரண்டு அடி தள்ளி நின்று பொறுமையாகப் பார்த்தால், அது இமைக்கும். பாம்புக்கு இமை கிடையாது. இந்த ஒன்று போதும். இமைக்கக் காணாவிட்டால் கழுத்தைப் பாருங்கள்: ஸ்லோவேர்முக்குக் கழுத்தென்று ஒன்று தெரியாது, தலையும் உடம்பும் ஒரே தடிப்பு. நாக்கை நீட்ட வாயைச் சற்றுத் திறக்க வேண்டும். பாம்பின் மேலுதட்டில் அதற்கென்றே ஒரு வெட்டு உண்டு. நீளம் 40, மிஞ்சினால் 50 சென்ரிமீற்றர். பெண்ணுக்கு விலா கறுத்திருக்கும். ஓகஸ்ட் கடைசியில் பிறக்கும் குட்டிகள் தங்க நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு.

தூக்கிப் பார்க்க வேண்டாம். உடம்பில் பாதியளவு வால்தான். பிடித்தால் பல்லியைப் போல அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடும். திரும்ப வளர்வது ஒரு மொட்டை வால். பூனை கொண்டுவந்து கம்பளத்தில் போடும் துடிக்கிற துண்டு பெரும்பாலும் இதுதான். இவ்வளவு பாடுபட்டு அதை ஏன் வைத்திருப்பது? உங்கள் மிளகாய்க் கன்றையும் கீரையையும் ஒரே இரவில் மொட்டையாக்கும் நத்தைப்புழுதான் அதன் சாப்பாடு.

ஒரு மீற்றரளவில் நீண்டு, ஒலிவ் பச்சையாக, கழுத்தில் மஞ்சள் பட்டியும் அதன் பின்னால் கறுப்புப் பட்டியும் இருந்தால் அது கிராஸ் ஸ்னேக் என்ற பாம்பு. குளமும் தவளையும் உள்ள வளவுக்கு வரும். சாரை வேலியோரம் போகிற நினைப்பு வரும். விஷமில்லை, ஆனால் நல்ல நடிகன். நெருங்கினால் மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்ததுபோலக் கிடக்கும். பின்பக்கத்தால் விடும் நாற்றம் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாது. பிரித்தானியாவின் சொந்தப் பாம்புகளில் முட்டையிடுவது இது ஒன்றுதான். ஜூன், ஜூலையில் கொம்போஸ்ட் சூட்டில் இடும். ஓகஸ்ட் கடைசியிலிருந்து பென்சில் தடிப்பில் குஞ்சுகள் வரும். ஆகவே குவியலைப் புரட்டுவதென்றால் ஏப்ரல் கடைசி, அல்லது ஒக்டோபர். அவரைக்குக் கட்டும் நைலோன் வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். சிக்கினால் செதிலில் இறுகி, பின்வாங்க முடியாமல் செத்துவிடும்.

பயப்பட வேண்டியது அடர் என்ற விஷப்பாம்புக்கு மட்டும். எங்கள் புடையனின் குடும்பம்தான். 60 சென்ரிமீற்றரளவில் கட்டையான உடம்பு, முதுகு நெடுக வளைந்து வளைந்து ஓடும் கறுங்கோடு, சிவந்த கண்ணில் நெட்டுக்குத்தான பாவை. கிராஸ் ஸ்னேக்கின் விலாவிலுள்ள கறுப்புக் கீறல்களைக் கண்டு இதுவென்று பதறுவோர் அதிகம்; கோடு முதுகிலா விலாவிலா என்று பாருங்கள். புதர்க்காட்டை ஒட்டிய வீடில்லையென்றால் தோட்டத்துக்கு வருவது அபூர்வம். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட்டு, கையை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்ளினில் இருக்கும் மச்சான்மாருக்கு இந்தக் கவலையே இல்லை. அயர்லாந்தில் சொந்தப் பாம்பென்று ஒன்றுமில்லை.

இந்த மூன்றில் எதை அடித்துக் கொன்றாலும் பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஊரில் எண்ணெய் விரியன் பாயில் படுத்தவரைத் தேடி வரும். அங்கே அடித்தது உயிருக்குப் பயந்து. இங்கே அந்தக் கைக்கு வேலையில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனாலும் குப்பை போட இரவில் பின்கதவைத் திறக்கும்போது கால் தானாக நிலத்தில் இரண்டு தரம் தட்டும், டோர்ச் வெளிச்சம் முதலில் படியின் கீழே விழும். இங்கே பிறந்த பிள்ளை, "அம்மா, அங்கே பாம்பு இருக்குமா?" என்று உரத்துக் கேட்கும். "இரவில பேர் சொல்லாதை, பிள்ளை. பூச்சி எண்டு சொல்லு."